25-ஐ நான்கால் பெருக்கினால் 100, இருப்பதோ 85 இடம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை நீண்ட காலம் இரண்டு எண்கள்தான் ஆண்டன. ஓர் அணியில் ஒரே நேரத்தில் 85 பேருக்கு மேல் ஸ்காலர்ஷிப் இருக்கக்கூடாது. ஒரு வருடத்தில் புதிதாக 25 பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமான விதிகள். சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். வருடத்துக்கு 25 பேர், நான்கு வருடப் படிப்பு என்றால் 100 பேர். பலர் ஐந்தாவது வருடமும் அணியில் இருப்பார்கள், அப்போது 125. இடமோ 85 மட்டும்.

அந்த மீதிப் பேர் எங்கே போனார்கள்? படிப்பில் தோற்றவர்கள், காயம்பட்டவர்கள், ஊர் நினைவு தாங்காமல் திரும்பியவர்கள், மூன்றாவது வருடம் முடிந்ததும் என்எஃப்எல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்கள். அவர்கள் போக, "நீ வேறு இடம் பார்த்துக்கொள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. சிலர் எப்படியும் போய்விடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இந்த விதிக்குள்ளேயே இருந்தது. யார் போவது, அதை யார் முடிவு செய்வது, எப்போது அந்தப் பையனிடம் சொல்வது என்பதைத்தான் விதி சொல்லாமல் விட்டது. கடந்த ஐம்பது வருடச் சண்டைகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் நடந்தவை.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தோடு மோதும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி மட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு சனிக்கிழமை லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். விதிகளை வகுப்பது என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு. அதன் மேல்தட்டு எஃப்பிஎஸ். அடுத்த தட்டு எஃப்சிஎஸ், அங்கே 63 முழு ஸ்காலர்ஷிப்புக்கான தொகையை 85 பேர் வரை பிரித்துத் தரலாம். எஃப்பிஎஸ்ஸில் 2025 வரை பிரிக்க வழியில்லை, அது தலைக்கணக்கு. ஒருவனுக்குப் பாதித் தொகை கொடுத்தாலும் ஓர் இடம் போனது போனதுதான். ஆகவே எல்லோருக்கும் முழுத் தொகையே கொடுத்தார்கள்: படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம். 2015 முதல் பெரிய கான்ஃபரன்ஸ்களில், அதாவது தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளில், இதர வாழ்க்கைச் செலவுக்கும் ஒரு தொகை சேர்ந்தது.

1973-க்கு முன்னால் என்சிஏஏ அளவில் உச்சவரம்பே இல்லை. பணமுள்ள பல்கலைக்கழகம் வேண்டிய அளவுக்குப் பையன்களை அள்ளலாம். தனக்கு ஆட வைக்க இடமில்லாவிட்டாலும், எதிரணிக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே சேர்த்து வைத்த காலம் அது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். 1972-இல் அந்த அணி 11 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் வென்றது. புதிதாக வந்த கோச் ஜானி மேஜர்ஸ் 1973-க்கு 70-க்கும் மேற்பட்ட புதுப் பையன்களைக் கொண்டுவந்தார். அவர்களில் ஒருவர் டோனி டார்செட். நான்கே வருடத்தில், 1976-இல், அணி ஒரு தோல்வியும் இல்லாமல் தேசிய சாம்பியன் ஆனது. டார்செட் அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அந்த எழுபது சொச்சம் பேரில் டார்செட்டின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். மற்ற பலர் நான்கு வருடம் தாக்குப்பிடிக்கவே இல்லை.

1973-இல் என்சிஏஏ மொத்தம் 105, வருடத்துக்குப் புதிதாக 30 என்று வரம்பு வைத்தது. நோக்கம் செலவைக் குறைப்பதும் பணக்கார அணிகளின் பதுக்கலைத் தடுப்பதும். 1978-இல் 105 என்பது 95 ஆனது. 1992-இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து 1994-இல் 85-இல் வந்து நின்றது. இன்னொரு மாற்றமும் 1973-இலேயே நடந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, என் பார்வையில் அதுதான் பெரிய மாற்றம். அதுவரை நான்கு வருடத்துக்கு எழுதிக் கொடுக்க முடிந்த ஸ்காலர்ஷிப், வருடா வருடம் புதுப்பிக்கும் ஸ்காலர்ஷிப் ஆனது. ஒரு கையால் இடங்களுக்கு வரம்பு வைத்தார்கள், மறு கையால் இடத்தைக் காலி செய்யும் அதிகாரத்தைக் கோச்சிடம் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே வருடத்தில் வந்ததால்தான் பின்னால் நடந்த பலதும் நடக்க முடிந்தது. பல வருட ஸ்காலர்ஷிப் தர மீண்டும் அனுமதி கிடைக்க 2012 ஆகிவிட்டது.

85 என்ற எண் பெண்களின் விளையாட்டையும் நேரடியாகத் தொட்டது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் ஒன்பது சட்டம் 1972-இல் வந்தது. ஆண்கள் ஃபுட்பாலில் 85 முழு ஸ்காலர்ஷிப் என்றால், அதற்கு ஈடாகப் பெண்கள் பக்கம் அத்தனை பெரிய விளையாட்டு எதுவும் கிடையாது. பல பல்கலைக்கழகங்கள் பெண்கள் படகுப்போட்டி அணிகளைத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதில் அப்போது 20 ஸ்காலர்ஷிப் தர முடிந்தது, ஆளும் நிறையத் தேவைப்படும். துடுப்பையே தொட்டிராத பெண்கள் கல்லூரிக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டு பட்டம் வாங்கிப் போனார்கள்.

சரி, 85 பேரை வைத்துக் கோச் எப்படித் திட்டமிடுவார்? களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர். தாக்குதலுக்கு 11, தற்காப்புக்கு 11, உதைப்பதற்குத் தனி ஆட்கள். தாக்குதல் வரிசையின் ஐந்து பருத்த பையன்களுக்குப் பின்னால் பத்துப் பேராவது வளர்ந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் 18 வயதில் அந்த இடத்துக்கு உடல் தயாராவது அபூர்வம். இங்கேதான் ரெட்ஷர்ட் வருகிறது. ஐந்து வருடத்துக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது விதி. முதல் வருடத்தை ஆடாமல் பயிற்சியிலும் எடைத் தூக்குவதிலும் கழித்தால், ஐந்தாவது வருடம் 22 வயது ஆளாகக் களத்தில் நிற்கலாம். 2018 முதல் நான்கு ஆட்டம் வரை ஆடியும் அந்த வருடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள்.

இதனால் ஒரு வருடத்தில் எடுக்கும் பையன்களின் எண்ணிக்கை ஐந்து வருடத்துக்குப் பேசும். 85-ஐ ஐந்தால் வகுத்தால் 17. யாரும் போகாத அணியில் வருடத்துக்கு 17 பேரைத்தான் எடுக்க முடியும். ஒரு வருடம் ஆசைப்பட்டு 25 பேரை எடுத்து, அவர்கள் அப்படியே தங்கிவிட்டால், இரண்டு வருடம் கழித்து 12 பேர் மட்டுமே எடுக்க முடிகிற வருடம் வரும். அந்த வருடம் பார்த்து உள்ளூரில் தாக்குதலை நடத்தும் நல்ல க்வார்ட்டர்பேக்குகள் மூன்று பேர் பள்ளி முடித்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். களத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு ஒரே வருடத்தில் நான்கு பேரை எடுத்துவிட்டு, அடுத்த இரண்டு வருடம் யாரையும் எடுக்காமல் விட்டால், அந்த நால்வரும் ஒன்றாகப் பட்டம் வாங்கிப் போகும் வசந்தகாலத்தில் அந்த இடம் காலி. நல்ல கோச் இந்தப் பள்ளத்தை மூன்று வருடம் முன்னாலேயே பார்த்துவிடுவார்.

பந்தியில் 85 இலை என்று தெரிந்தும் நூறு பேரை அழைக்கிற பழக்கம் இந்த இடத்தில்தான் முளைத்தது. ஓவர்சைனிங் என்பார்கள். அப்போது பள்ளிப் பையன்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாள் பிப்ரவரியில், பயிற்சி முகாம் ஆகஸ்ட்டில். இடையில் ஆறு மாதம் இருந்தது. யாராவது போவார்கள், யாராவது தேர்வில் தோற்பார்கள் என்று நம்பி, இருக்கும் இடத்தைவிட அதிகம் பேரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நினைத்தபடி யாரும் போகவில்லை என்றால்? ஆகஸ்ட்டுக்குள் எண்ணிக்கையைச் சரிசெய்தே ஆக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. பழைய மாணவனைக் கூப்பிட்டு, "உனக்கு இங்கே ஆட வாய்ப்பு வராது, சின்னக் கல்லூரி ஒன்றில் பேசி வைக்கிறேன்" என்று சொல்வது. காயம்பட்டவனை மருத்துவக் காரணத்தால் ஆடத் தகுதியில்லை என்று பதிவு செய்வது. அவனுடைய ஸ்காலர்ஷிப் தொடரும், 85-இல் மட்டும் எண்ணப்படமாட்டான். அல்லது புதுப் பையனிடம், "நீ இப்போது வரவேண்டாம், ஜனவரியில் சேர்ந்துகொள்" என்பது. இந்தக் கடைசி வழிக்கு கிரேஷர்ட் என்று பெயர்.

கிரேஷர்ட்டை முன்கூட்டியே சொல்லி, பையனும் வீட்டாரும் ஒப்புக்கொண்டால் அதில் தவறில்லை. அரை வருடம் வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆனால் 2010-இல் தென்பகுதியின் பெரிய அணி ஒன்றில், விடுதி அறைக்கே குடிவந்துவிட்ட புது மாணவனிடம் ஆகஸ்ட் மாதத்தில் இடமில்லை என்று சொன்னார்கள். அதற்குள் மற்ற பெரிய அணிகள் எல்லாம் இடத்தை நிரப்பி முடித்திருக்கும். பிப்ரவரியில் அவனைக் கெஞ்சி அழைத்த பத்துக் கோச்சுகளில் ஒருவரிடமும் ஆகஸ்ட்டில் இடம் இருக்காது. இதை நான் வெறும் நிர்வாகத் தவறாகப் பார்க்க மாட்டேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அந்தப் பையன் மற்ற எல்லாக் கதவுகளையும் தானே மூடிவிட்டான். அவனை அழைத்தவர்களோ தங்கள் கதவைப் பாதி திறந்தே வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. பிக் டென் கான்ஃபரன்ஸ் நெடுங்காலமாகவே ஓவர்சைனிங்கைக் கட்டுப்படுத்தி வந்தது. தெற்கத்திய பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸான எஸ்இசி அப்படிச் செய்யவில்லை. வடக்கத்திய கோச்சுகளின் நெடுநாள் மனக்குறை அது. 2009-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகக் கோச் ஹூஸ்டன் நட் ஒரே வருடத்தில் 37 பேரிடம் கையெழுத்து வாங்கியபோது எஸ்இசியே விழித்துக்கொண்டு 28 என்று வரம்பு வைத்தது. அந்த விதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 28 வைத்தும் 25-ஐவிட மூன்று அதிகம்தானே? 2011-இல் புளோரிடா பல்கலைக்கழகத் தலைவர் பெர்னி மேச்சன் இந்தப் பழக்கத்தைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதினார். அதே வருடம் எஸ்இசி அதை 25 ஆக்கியது. ஒரு பல்கலைக்கழகத் தலைவர் தன் கான்ஃபரன்ஸின் பழக்கத்தை எதிர்த்து வெளிப்படையாகப் பேசுவது அங்கே அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

இருந்தும் ஓட்டை மிச்சமிருந்தது. ஜனவரியில் சேருகிறவனை, முந்தைய வருடத்து 25-இல் இடம் மீதியிருந்தால் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். 2017-இல் என்சிஏஏ அதையும் பெருமளவு அடைத்தது. 2015-இலேயே பெரிய கான்ஃபரன்ஸ்கள், ஆட்டத்திறன் போதவில்லை என்ற காரணத்துக்காக ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்காமல் விடக்கூடாது என்று முடிவெடுத்திருந்தன. இரண்டும் சேர்ந்தபோது, பையன்கள் பக்கம் நியாயம் கொஞ்சம் சாய்ந்தது. அந்த நிலை நீடித்தது நான்கைந்து வருடம்தான்.

ஓர் இடத்தின் மதிப்பு என்னவென்று தெரிய, தண்டனைகளைப் பார்த்தால் போதும். ரெஜி புஷ் என்ற வீரர் விதிக்குப் புறம்பான சலுகைகள் பெற்ற விவகாரத்தில் 2010-இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு என்சிஏஏ தந்த தண்டனையில் மூன்று வருடத்துக்கு மொத்தம் 30 ஸ்காலர்ஷிப் வெட்டப்பட்டது. இரண்டு வருடம் பருவ இறுதி ஆட்டங்களுக்குத் தடை என்பதைவிட நீண்ட நாள் வலித்தது அந்த 30 இடம்தான். 2012-இல் பென் ஸ்டேட்டின் வரம்பை 65-க்கும், வருடச் சேர்க்கையை 15-க்கும் குறைத்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தத் தண்டனையைத் தளர்த்தி இடங்களைத் திருப்பித் தந்தார்கள். அந்த நாட்களில் பென் ஸ்டேட் கோச் பில் ஓ'பிரையன், ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆட வருகிற மாணவர்களை வாக்-ஆன் என்று அழைப்பதை விட்டுவிட்டு ரன்-ஆன் என்றார். நடந்து வருகிறவர்கள் அல்ல, ஓடி வருகிறவர்கள். அணியை நிரப்ப அவர்களை விட்டால் ஆளில்லை.

இந்த வாக்-ஆன்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2025 வரை 85 என்பது ஸ்காலர்ஷிப்புக்கான வரம்பு, அணிக்கான வரம்பு அல்ல. சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேர யாருக்கும் தடை இருக்கவில்லை. ஆகவே பல அணிகளில் ஆள் எண்ணிக்கை 120-ஐத் தாண்டியது. நெப்ராஸ்கா இதை ஒரு மரபாகவே வளர்த்தது. மக்கள் தொகை குறைந்த மாநிலம், பெரிய நகரங்கள் அதிகமில்லை. சின்ன ஊர்களின் பண்ணை வீட்டுப் பையன்கள் பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கன் நகருக்கு வந்து, இரண்டு மூன்று வருடம் அடிவாங்கிப் பழகி, ஒருநாள் ஸ்காலர்ஷிப்பும் வாங்கி ஆட்டத்திலும் நின்றார்கள். கோச் டாம் ஆஸ்பர்னின் 1990-களின் சாம்பியன் அணிகளில் அவர்கள் நிறைந்திருந்தார்கள். வேறு ஊர்களிலும் உண்டு. பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரமான ஜே. ஜே. வாட் விஸ்கான்சினில் வாக்-ஆன். 2017-இல் ஹைஸ்மன் வென்ற பேக்கர் மேஃபீல்ட் இரண்டு கல்லூரிகளில் வாக்-ஆனாக நுழைந்தவர். ஜார்ஜியாவுக்கு 2021, 2022 பருவங்களில் அடுத்தடுத்து தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஸ்டெட்சன் பென்னட்டும் அப்படி வந்தவர்தான். தேர்வாளர்களின் கண் எத்தனை முறை பிசகும் என்பதற்கு இவர்களைவிடச் சாட்சி வேண்டாம்.

வரம்பு வைத்ததால் ஆட்டம் சமமானதா என்று கேட்டால், ஓரளவு ஆனது என்றுதான் சொல்வேன். பெரிய அணியின் பெஞ்சில் நான்கு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டியவன் சின்ன அணியின் தூணாகிறான். 2007 செப்டம்பர் 1 அன்று, 63 ஸ்காலர்ஷிப் தட்டிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட், நாட்டின் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில் 34-க்கு 32 என்று தோற்கடித்தது. 1973-க்கு முந்தைய விதிகளில் அந்த அணியின் பாதிப் பேர் ஏதாவது பெரிய அணியில் பதுக்கப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் சாம்பியன் பட்டம் திரும்பத் திரும்பப் போனது ஒரு கைப்பிடி அணிகளுக்குத்தான். எண்ணிக்கையைச் சமப்படுத்தலாம், தேர்ந்தெடுக்கும் பலத்தை அப்படிச் சமப்படுத்த முடியாது.

அப்புறம் எல்லாமே வேகமாக மாறியது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. கல்லூரி மாற விரும்புகிறவன் தன் பெயரை அதில் ஏற்றினால் மற்ற கோச்சுகள் அவனோடு பேசலாம். கோவிட் காரணமாக 2020 பருவம் யாருடைய கணக்கிலும் சேராது என்றார்கள், ஆகவே போக வேண்டியவர்கள் ஒரு வருடம் கூடுதலாகத் தங்கினார்கள். 2021-இல் ஒருமுறை மாறினால் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். அதே வருடம் ஜூலையில், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்களில் பணம் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. இத்தனையும் ஒன்றாக வந்தபோது 25 என்ற விதி தலைகீழாகக் கடித்தது. ஓர் அணியிலிருந்து 30 பேர் போர்ட்டல் வழியே போனால், 25 பேரைத்தான் சேர்க்க முடியும். அணி 85-ஐத் தொடவே முடியாது. முதலில் போனவர்களுக்குப் பதிலாக ஏழு பேர் வரை கூடுதலாக எடுக்கலாம் என்றார்கள். 2022-இல் 25-ஐ இரண்டு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். 2023-இல் நிரந்தரமாக எடுத்தே விட்டார்கள்.

வருட வரம்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கோச் டியான் சாண்டர்ஸ் கொலராடோ பல்கலைக்கழகத்தில் காட்டினார். 2022-இல் அந்த அணி 12 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றிருந்தது. அவர் வந்து சேர்ந்த பிறகு, 2023 பருவம் தொடங்கும்போது பழைய ஸ்காலர்ஷிப் வீரர்களில் மிஞ்சியவர்கள் சுமார் பத்துப் பேர். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். அந்த வருடம் 4 வெற்றி, 8 தோல்வி. அடுத்த வருடம் 9 வெற்றி, 4 தோல்வி. பிட்ஸ்பர்க்கில் மேஜர்ஸ் செய்ததை ஐம்பது வருடம் கழித்து வேறு உருவத்தில் பார்த்தது போல இருந்தது.

போர்ட்டலைப் பலர் வீரர்களின் விடுதலை என்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான்; கோச் எந்த நேரத்திலும் வேலை மாறலாம், மாணவன் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பதில் நியாயமே இல்லை. ஆனால் இடங்களுக்கு ஒரு வரம்பு இருக்கும்போது, 21 வயதில் உடலும் அனுபவமும் தேறிய ஒருவனை எடுத்தால், பள்ளி முடிக்கும் 17 வயதுப் பையனுக்கு ஓர் இடம் குறைகிறது. முன்பு ஓவர்சைனிங்கின் சுமையைச் சுமந்தவன் ஆகஸ்ட்டில் வெளியே நின்றான். இப்போது அதைச் சுமப்பவனுக்கு அழைப்பே வருவதில்லை. கூடுதலாக ஒரு சிக்கல்: 2024 டிசம்பரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக வீரர் டியேகோ பவியாவின் வழக்கில், இரண்டு வருடக் கல்லூரியில் ஆடிய காலத்தைக் கணக்கில் எடுத்து அவரைத் தடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எந்த வீரன் எப்போது முடிப்பான் என்பதே நிச்சயமில்லை என்றால், ஐந்து வருடத் திட்டத்தை எப்படிப் போடுவது?

கடைசியாக 85-உம் போனது. வீரர்களுக்குப் பணம் தருவது தொடர்பான ஹவுஸ் எதிர் என்சிஏஏ வழக்கின் உடன்படிக்கைக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் தந்தார். அதில் சேரும் பல்கலைக்கழகங்கள் முதல் வருடத்தில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாக வீரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. அதற்குப் பதில் அணிக்கே வரம்பு: ஃபுட்பாலுக்கு 105 பேர், வாக்-ஆன்கள் உட்பட. 1973-இல் வைத்த அதே எண். அன்று அது 105 ஸ்காலர்ஷிப். சொந்தச் செலவில் வருகிறவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. இன்று எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம், ஆனால் நூற்றாறாவது ஆள் தன் காசில் படித்தாலும் உள்ளே வர முடியாது. புதிதாகக் கூட்டும் ஸ்காலர்ஷிப்புகளில் 25 லட்சம் டாலர் வரை அந்த 2.05 கோடிக்குள்ளேயே எண்ணப்படும், ஆகவே எல்லோரும் 105-ஐயும் நிரப்பித் தருவார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது.

தீர்ப்பு வருமுன்பே, வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் பல பல்கலைக்கழகங்கள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கின. ஃபுட்பாலில் வெட்டுப்பட்டவர்கள் பெரும்பாலும் வாக்-ஆன்கள். நீச்சல், ஓட்டம் போன்ற விளையாட்டுகளிலும் பலர் இடம் இழந்தார்கள். ஏப்ரலில் வில்கன் ஒப்புதலை நிறுத்திவைத்ததே இவர்களுக்காகத்தான். பிறகு ஒரு வழி கண்டார்கள். வரம்பினால் இடம் இழந்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எழுதித் தர வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும், ஆடும் தகுதி முடியும்வரை, 105-இல் எண்ணப்பட மாட்டார்கள். ஆனால் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று உடன்படிக்கை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பெயர் பட்டியலில் இருக்கும். அழைப்பதா வேண்டாமா என்பது, 1973-இல் இருந்தது போலவே, கோச்சின் கையில்.